சோலைக்குள் மைக், கேமரா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விடியற்காலையில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையை போனில் பதிவு செய்தேன். நேரில் கணீரென்று கேட்டது. பதிவில் விட்டுவிட்டு வருகிறது. நடுவில் இரைச்சல் ஏறி ஏறி இறங்குகிறது. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா? (கல்லூரி மாணவர், கூடலூர்)

உடனே வாங்க வேண்டாம். போன் அதன் வேலையைத்தான் செய்திருக்கிறது. மனிதப் பேச்சைத் தெளிவாக்குவதற்கென்றே அதன் பதிவு முறையை அமைத்திருக்கிறார்கள். ஒரே சுருதியில் நீளும் எந்த ஒலியையும் மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அமுக்கிவிடும். பூங்குருவியின் நீண்ட சீழ்க்கை அதில் மாட்டிக்கொள்கிறது. குருவி ஓய்ந்ததும் தானியங்கி ஒலி ஏற்றம் விழித்துக்கொண்டு அமைதியையே பெரிதாக்கும். நீங்கள் கேட்ட ஏறி இறங்கும் இரைச்சல் அதுதான்.

தானியங்கி ஏற்றத்தையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க விடும் பதிவுச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜி.பி.யை ஒட்டி வரும். மிக உரத்த சீழ்க்கைகூட செயலியின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு ஐந்தடி தள்ளி உட்காருங்கள். கையில் பிடித்தால் விரல் உரசுவது இடிபோல் விழும்.

இந்தக் குருவி ஓடைக்கரையை விட்டு அதிகம் விலகாது. அதனால் தண்ணீர்ச் சத்தம்தான் பெரிய தொல்லை. ஓடைக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு பாறையோ தடித்த அடிமரமோ இருக்கும்படி இடம் பாருங்கள். காற்றுக்குப் பஞ்சு உறை மட்டும் காணாது. பெரிய டீ வடிகட்டி இரண்டைக் கவிழ்த்துக் கூண்டாக்கி, மேலே பொம்மைக்குத் தைக்கும் ரோமத் துணியைச் சுற்றுங்கள். மைக்கைச் சுற்றி 2, 3 செ.மீ. அசையாத காற்று இருக்க வேண்டும். தடுப்பது அந்த இடைவெளிதான். துணி மைக்கை ஒட்டிக் கிடந்தால் பயனில்லை.

கேள்வி: பறவை ஒலியை வைத்துப் பாட்டு அமைக்கிறோம். எங்கள் கீபோர்டோடு சேராமல் அபஸ்வரமாக நிற்கிறது. சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ ட்யூன் போடலாமா? (மூன்று நண்பர்கள், திருச்சி)

போட்டால் குருவி செத்துவிடும். அதன் சீழ்க்கையில் உயிர் வழுக்கலில்தான் இருக்கிறது. ஆட்டோ ட்யூன் அதைப் படிக்கட்டாக வெட்டும். குருவியை விட்டுவிட்டு உங்கள் சுருதியை நகர்த்துங்கள்.

ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் நீளமான ஒரு ஸ்வரத்தைத் தேர்ந்து, பகுப்பாய்வுப் பட்டியலில் ஸ்பெக்ட்ரம் வரைபடம் எடுத்தால் உச்சி எத்தனை ஹெர்ட்ஸ் என்று தெரியும். 1480 என்று வந்தால் அது நாலரைக் கட்டை. 1510 என்று வந்தால் நாலரைக்கு மேல் சுமார் 35 சென்ட் (அரைக்கட்டை இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தம்புராச் செயலியையும் கீபோர்டையும் அந்த அளவு உயர்த்திவிட்டால் சேர்ந்துவிடும்.

வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே வரும், கால்வாசியாக்கினால் இரண்டு. கால் வேகத்தில் சின்னக் குருவியும் புல்லாங்குழலாகிவிடும். ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்த பதிவில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது; கால் வேகத்தில் அந்த வரம்பு 6-க்கு இறங்கி, ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். மெதுவாக்கப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே 96-இல் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. சிள்வண்டின் ரீங்காரமும் பாடகர் சொல்லும் ‘ச’, ‘ஸ’ ஒலிகளும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில் மோதும். பாடும் வரிகளுக்குக் கீழே சிள்வண்டைக் குறுகலான ஈக்யூவால் (குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி) 6 டெசிபெல் இறக்கி, வரி முடிந்ததும் திறந்துவிடுங்கள். தாளத்துக்காகக் காட்டின் ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுவதைவிட இது நன்றாக இருக்கும். தாளம் வேண்டுமென்றால் தெருவோர மயில்கொன்றையின் முற்றிக் காய்ந்த நெற்று இருக்கவே இருக்கிறது. 15 செ.மீ. தொலைவில் வைத்துக் குலுக்கினால் கிலுகிலுப்பையே வேண்டாம்.

கேள்வி: அதிர்வை மின்குறியாக மாற்றும் பியசோ வில்லையை மூங்கிலில் ஒட்டி போனில் செருகினேன். தகரம் தட்டும் சத்தம்தான் வருகிறது. காற்றில் கம்பிவேலி பாடும் என்கிறார்களே, அதிலும் ஒட்டலாமா? (பாலிடெக்னிக் மாணவி, சத்தியமங்கலம்)

வில்லை நன்றாகத்தான் இருக்கும். 27 மி.மீ. வில்லை ஏறக்குறைய 20 நானோஃபாரட் மின்தேக்கிக்குச் சமம். போனின் மைக் உள்ளீட்டு மின்தடை சுமார் 2 கிலோ ஓம் என்று வைத்தால், 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாக மெலிந்துபோகும். மூங்கிலின் அடித்தொனி முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் கிடாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) கிடார் செருகும் உள்ளீடு 1 மெகா ஓம். அதில் செருகினால் இழப்பு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும், மூங்கில் முனகுவதே கேட்கும்.

பற்றவைக்கும்போது வெள்ளை நடுவில் உள்கம்பி, பித்தளை விளிம்பில் வலைக்கம்பி. நடுப்பகுதியில் இரும்பை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். வலைக்கம்பி உள்ள கேபிளே போடுங்கள், இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். சாதாரண ஒயர் என்றால் மின்சார ‘ம்ம்ம்’ புகுந்துகொள்ளும். ஈரம் புகாமல் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. செல்லோடேப் தளர்ந்து கறகறக்கும்; சிறு கிளாம்பால் இறுக்குங்கள்.

காற்றில் கம்பிவேலி பாடும், உண்மைதான். உங்கள் பகுதியில் யானைக்காகப் போட்ட சோலார் மின்வேலிகள் உண்டு. எந்த வேலியிலும் வில்லையை ஒட்ட வேண்டாம்.

கேள்வி: சோலைக்குள் எடுக்கும் படங்களில் வானம் வெள்ளையாக வெந்துபோகிறது, முகங்கள் பச்சையாகத் தெரிகின்றன. (கொடைக்கானல்)

முதலில் வானத்தைச் சட்டத்திலிருந்து வெளியேற்றுங்கள். இலை இடுக்கில் தெரியும் வானத்துக்கும் அடியில் உள்ள பாசிக்கும் வெளிச்ச வித்தியாசம் அத்தனை பெரிது. எந்த போனும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்காது. நல்ல படம் மேகமூட்டத்திலும், மழை விட்ட அரை மணிக்குள்ளும்தான். வெயில் நாளில் போனால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்து கண்ணைக் குத்தும்.

பச்சை வருவது இலைகள் வடிகட்டித் தரும் ஒளியால். ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் கோப்பு) எடுத்து, வீட்டில் டின்ட்டை, அதாவது பச்சை-மஜந்தா சாயலை, மஜந்தா பக்கம் சற்றே தள்ளுங்கள். முழுக்க நீக்கினால் ஸ்டுடியோவில் எடுத்த படம்போல் ஆகிவிடும். ஈர இலையின் வெள்ளைப் பளபளப்புக்கு லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி ஒன்றே மருந்து. அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). ஆகவே முக்காலி, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200, கால் விநாடியோ அதற்கு மேலோ. பெரணி ஆடினால் காற்று ஓயும்வரை காத்திருங்கள்.

கேள்வி: கேமராவே இல்லாமல் இலையைப் படமாக்க முடியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். (ஆசிரியை, ஏற்காடு)

மஞ்சள் போதும். சமையல் விரலி மஞ்சளை அரைத்த தூள் 2 தேக்கரண்டி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் 50 மி.லி.; கலக்கி வடிகட்டித் தடித்த ஓவியத்தாளில் இரண்டு கோட் பூசி இருட்டில் உலர்த்துங்கள். ஸ்பிரிட் இருக்கும் இடத்தில் அடுப்பும் தீக்குச்சியும் கூடாது. கஸ்தூரி மஞ்சள் உதவாது, அதில் மஞ்சள் நிறம் தரும் குர்குமின் மிகக் குறைவு. உலர்ந்த தாளில் பெரணி இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, உச்சி வெயிலில் 2 முதல் 4 மணி நேரம் வையுங்கள். வெயில் பட்ட இடம் வெளுக்கும், இலை மறைத்த இடம் மஞ்சளாகவே இருக்கும். பிறகு 200 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெங்காரம் (போராக்ஸ்) கரைத்துத் தெளித்தால் மிச்சமுள்ள மஞ்சள் செம்பழுப்பாகும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, ஏறத்தாழ அதே வேதியியல். வெங்காரம் தரும் நிறம் கொஞ்சம் நின்று பிடிக்கும்.

படம் வரவில்லை என்றால் பெரும்பாலும் இலைதான் காரணம். தாளோடு ஒட்டாமல் மேடு தட்டியிருந்தால் ஓரம் மங்கும். முதல் நாளே புத்தகத்துக்குள் வைத்துத் தட்டையாக்குங்கள். இந்தப் படத்துக்கு நிலைநிறுத்தும் மருந்து கிடையாது. சுவரில் மாட்டினால் மெல்ல அழியும். ஸ்கேன் செய்துவிட்டு ஆல்பத்தில் மூடி வையுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் அனுமதி வேண்டுமா? (பலர்)

வேண்டும். சரணாலயத்துக்குள் புகைப்படம் எடுக்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் அனுமதி முறை இருக்கிறது. காப்புக்காடு என்றால் 1882 தமிழ்நாடு வனச் சட்டம். எந்த இடம் எந்த வகை என்பதை மாவட்ட வன அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். முதல் முயற்சிக்கு ஊர்க் கோயில்காடு நல்லது: ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம். அனுமதியின்றிக் காட்டுக்குள் ட்ரோன் கூடாது. பறவையை வரவழைக்க அதன் குரலையே ஸ்பீக்கரில் போடுவதும் கூடாது. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டு அது அலையும். உங்களுக்குக் கிடைப்பதும் அதன் சண்டைக்குரலாகத்தான் இருக்கும்.