ஃபேகினைத் திருத்தி வரைந்தால் மூலத்துக்குத் துரோகமா?

துரோகம் என்றால் அதை முதலில் செய்தவர் சார்லஸ் டிக்கன்ஸேதான். அவருடைய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் வரும் யூத வில்லன் ஃபேகினைப் போல ஓர் இனத்தையே கேவலப்படுத்தும் வில்லனை இன்றைய கிராஃபிக் நாவலில் (படக்கதையாக வரையும் நாவலில்) மாற்றி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1837இல் தொடராக வரத் தொடங்கிய ‘ஆலிவர் ட்விஸ்’டின் முதல் 38 அத்தியாயங்களில் மட்டும் ‘யூதன்’ என்று 250 தடவைக்கு மேல் அவனைக் குறிப்பிடுகிறார். பையன்களைத் திருடப் பழக்குவது அவன் தொழில். வாசகன் மனதில் தங்குவதோ அவன் மதம். 1863இல் எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி இதைக் கண்டித்து டிக்கன்ஸுக்குக் கடிதம் எழுதினார். முதலில் சமாதானம் சொன்னவர், 1867 பதிப்பில் பின்பாதியில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார். முன்பாதி அதற்குள் அச்சுக் கோத்து முடிந்திருந்தது.

ஆனால் அந்த நாவலுக்குப் படம் போட்ட ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் வரைந்த வளைந்த மூக்கும் கள்ளப் பார்வையும் அப்படியே நின்றுவிட்டன. அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் 2003இல் ‘ஃபேகின் த ஜூ’ (யூதன் ஃபேகின்) என்ற கிராஃபிக் நாவலை வரைந்தபோது கைவைத்தது அங்கேதான். லண்டனின் ஏழை யூதர்களில் பெரும்பாலோர் மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், அந்த முகம் வரலாற்றுக்கே பொருந்தாது என்பது அவர் வாதம். 1940களில் தன் ‘ஸ்பிரிட்’ காமிக்ஸில் எபனி என்ற கறுப்பினச் சிறுவனைக் கேலிச்சித்திரமாக வரைந்ததையும் முன்னுரையில் அவரே எடுத்துப் பேசுகிறார்.

ஐஸ்னரின் கதையில் தூக்குக்குக் காத்திருக்கும் ஃபேகின் டிக்கன்ஸிடமே தன் கதையைச் சொல்கிறான். திருட்டுச் சரக்கு வாங்குகிறவன்தான், அதில் மாற்றமில்லை. நல்லவனாக்கி மாலை போடாதது எனக்குப் பிடித்தது. (ஆலிவரின் கதை வரும் பக்கங்கள் அவசர அவசரமாக ஓடுகின்றன; அது வேறு விஷயம்.)

எங்கள் பக்கமும் ஒரு ஃபேகின் உண்டு. நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) வளர்ந்த படுகன். சின்ன வயதில் கேட்ட கதைகளில் மாடு செத்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் காரணம் ஒரு குறும்ப மந்திரவாதி; குறும்பர்கள் நீலகிரிப் பழங்குடியினர். இது வெறும் கதையோடு போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சூனியப் பழி போட்டுக் குறும்பர்கள் கொல்லப்பட்டது ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் இருக்கிறது. அதே குறும்பரைத்தான் முதல் விதை போடவும் ஊரார் கூப்பிட்டார்கள்; அவர் கை படாமல் விதைப்பு தொடங்கியதில்லை. பயமும் தேவையும் ஒரே ஆள் மேல்!

இதை கிராஃபிக் நாவலாக்கினால் மந்திரவாதிக்குச் சோகமான முன்கதை மட்டும் ஒட்டவைத்தால் போதாது. விதைப்பு நாளில் அவரை வரவேற்ற ஊரை ஒரு படக்கட்டத்திலும், மாடு செத்த அன்று தடியோடு கிளம்பிய அதே முகங்களை அடுத்த கட்டத்திலும் வரைய வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது உறைக்கும், உறைக்கட்டும். ஃபேகின் கதையிலும் இது உண்டு: அவனிடம் ஆலிவர் வந்து சேரக் காரணமான ஏழைகள் விடுதியை நடத்தியவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள்.

அப்புறம், யார் வரைவது? வேங்கைப் பிசினிலும் இலைச்சாற்றிலும் நிறமெடுத்து, தேன் எடுப்பதையும் ஆட்டத்தையும் வரையும் குறும்ப ஓவியர்கள் இங்கேயே வெள்ளரிகொம்பையில் இருக்கிறார்கள். எழுத்து எங்களில் ஒருவருடையதாக இருந்தாலும், படம் அவர்களுடையதாக இருக்கட்டும். வசனத்தை வெட்டவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். அப்படி ஒன்று வந்தால் முதல் பிரதிக்கு நான் இப்போதே பணம் கட்டத் தயார்.