‘இன்று இரவு 9.30-க்கு கரண்ட் கட்’: மோசடி மெசேஜ்கள் பற்றிக் கேள்வி பதில்

வங்கியில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி சில வருடங்களில் பாஸ்புக்கில் என்ட்ரி போட வந்தவர்களைவிட, “பணம் போயிடுச்சு சார்” என்று கண் கலங்கி வந்தவர்களின் முகங்கள்தான் இன்னும் மனதில் நிற்கின்றன. மெசேஜ் மோசடிகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இந்த நிமிடமே உங்கள் பணம் போய்க்கொண்டிருந்தால் மற்றதை அப்புறம் படிக்கலாம். முதலில் சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

“போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடவும்” என்று அம்மாவுக்கு மெசேஜ் வந்தது. பில் கட்டியாகிவிட்டது. ஆனாலும் அம்மா பயப்படுகிறார். (திண்டுக்கல்)

பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். 2022-இல் நாடு முழுக்கப் பரவிய மெசேஜ் இது. பல மாநிலங்களில் ஏறக்குறைய இதே வாசகம்தான். அதனால்தான் அதில் ஓட்டையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். ‘போன மாத பில்’ என்பதே நம் ஊர்ப் பேச்சு இல்லை.

இரவு நேரத்தைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அந்நேரம் ஈபி ஆபீஸ் பூட்டியிருக்கும், போய்க் கேட்க ஆள் இருக்காது. பயந்துபோய் அந்த நம்பரைக் கூப்பிட்டால் மிக மரியாதையாகப் பேசுவார்கள். “பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள், அப்டேட் ஆகிவிடும்” என்பார்கள். அதற்காக ஒரு ஆப்பை ஏற்றச் சொல்வார்கள். அது எனிடெஸ்க் மாதிரி, உங்கள் போன் திரையை அவர்கள் அங்கிருந்தே பார்க்க வழி செய்யும் ஆப். பத்து ரூபாய் அவர்களுக்குப் பெரிதில்லை. அதைக் கட்டும்போது நீங்கள் தட்டுகிற கார்டு நம்பரும், வந்து விழுகிற ஓடிபியும்தான் வேண்டும். இந்த வகை ஆப்பைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது.

சந்தேகம் இருந்தால் மெசேஜில் உள்ள நம்பரை விட்டுவிடுங்கள். மின் வாரியத்தின் வாடிக்கையாளர் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987. உங்கள் சர்வீஸ் நம்பரைச் சொன்னால் பாக்கி உண்டா என்று சொல்லிவிடுவார்கள்.

நிஜ வங்கி மெசேஜை எப்படி அடையாளம் காண்பது? (தஞ்சாவூர்)

அனுப்பியவர் பெயரைப் பாருங்கள். வங்கி மெசேஜ் சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வராது. முதலில் இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு பதிவு செய்த பெயர் என்று வரும். 2025-லிருந்து கடைசியில் இன்னொரு ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கிறது: விளம்பரத்துக்கு ‘P’, சேவைத் தகவலுக்கு ‘S’, பணப் பரிவர்த்தனைக்கு ‘T’, அரசுக்கு ‘G’. கணக்கு முடக்கம் பற்றிய மெசேஜ் ‘P’ என்று முடிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இதை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். லிங்க் இருந்தால் முகவரி எங்கே முடிகிறது என்று பாருங்கள். வங்கிகளின் தளங்கள் இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நடுவில் வங்கியின் பெயரைப் போட்டுவிட்டு வேறு எதிலோ முடிகிற முகவரி யாருடையதாகவும் இருக்கலாம். நான் மெசேஜில் வரும் லிங்க்கைத் தொடுவதே இல்லை. வங்கி ஆப்பை நானே திறந்து பார்த்துக்கொள்வேன்.

வாட்ஸ்அப்பில் வங்கி லோகோவை முகப்புப் படமாக வைப்பது அரை நிமிட வேலை. அதற்கு மதிப்பே கொடுக்காதீர்கள்.

லிங்க்கைத் தொட்டுவிட்டேன். எதையும் நிரப்பவில்லை. பணம் போய்விடுமா? (கடலூர்)

பெரும்பாலும் போகாது. பக்கத்தை மூடுங்கள். ஏதாவது ஃபைல் இறங்கியிருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை என் தம்பி இன்ஸ்டால் செய்துவிட்டான். அதிலிருந்து போன் ஒரு மாதிரி இருக்கிறது. (ஈரோடு)

இது அவசரம். அது ஏபிகே ஃபைலாக (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) இருந்தால், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிபிகளை வேறொருவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். உடனே போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கார்டு, நெட் பேங்கிங், யூபிஐ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் அந்த ஆப்பை நீக்குங்கள். ஐகானை மறைத்துக்கொள்ளும் ரகமும் உண்டு என்பதால், போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதுசு போல ஆக்கும் முழு ஃபேக்டரி ரீசெட் செய்வதே நல்லது. தம்பியின் வாட்ஸ்அப்பிலிருந்து அதே ஃபைல் மற்றவர்களுக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். போயிருந்தால் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

உண்மையில் அபராதம் இருக்கிறதா என்பதை அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கலாம்.

“உங்கள் கணக்கில் ரூ.10,000 வரவு” என்று மெசேஜ் வந்தது. உடனே ஒருவர் போன் செய்து, தவறி அனுப்பிவிட்டேன், ஆஸ்பத்திரிச் செலவு, திருப்பி அனுப்புங்கள் என்று அழுதார். (விருதுநகர், மளிகைக் கடை)

மெசேஜை நம்பாமல் வங்கி ஆப்பில் பேலன்ஸைப் பாருங்கள். பெரும்பாலும் பணமே வந்திருக்காது. அந்த மெசேஜை அவரே தட்டி அனுப்பியிருப்பார். ஒருவேளை உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது இன்னொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம், அப்புறம் உங்கள் கணக்கும் முடங்கும். “வங்கியில் எழுதிக் கொடுங்கள், அவர்கள் மூலம் வரும்” என்று சொல்லுங்கள். உண்மையானவர் அதற்குச் சம்மதிப்பார்.

அப்பா ஓடிபி சொல்லி 84,000 ரூபாயை இழந்துவிட்டார். வெட்கப்பட்டு நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இனி புகார் கொடுத்துப் பயன் உண்டா? (சேலம்)

உண்டு. இன்றே கொடுங்கள். 1930-இல் சொன்னதும் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகும், அங்கே மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். திருடர்கள் பணத்தை ஒரே இடத்தில் வைப்பதில்லை. கணக்கு மாற்றிக் கணக்காகத் தள்ளி, கடைசியில் எடுத்துவிடுவார்கள். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு அத்தனை மதிப்பு. நான்கு நாளில் பெரும்பகுதி போயிருக்கலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வழியில் எங்காவது கொஞ்சம் சிக்கி நிற்கவும் வாய்ப்புண்டு. நிறுத்தி வைத்த பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். அதற்குப் புகார் எண் வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போய், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், நஷ்டம் உங்களுடையது அல்ல. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனது நம் தலையில். புகார் செய்தபின் போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை வந்தார். முதல் நாள் போனது 5,000 மட்டுமே. மகன் திட்டுவானே என்று மறைத்தார். கார்டை நிறுத்தாததால் மூன்றாம் நாள் மிச்சமும் போனது. அவரைத் தடுத்தது அந்தப் பயம்தான். உங்கள் அப்பாவை இன்று ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். கூடப் போய் உட்காருங்கள்.

யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் தினமும் பணம் என்கிறார்கள். முதலில் 150 ரூபாய் வந்தது. (கோவை)

அந்த 150 தூண்டில் புழு. அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்த்து, நீங்கள் பணம் கட்டினால்தான் அடுத்த ‘டாஸ்க்’ என்பார்கள். இப்போதே வெளியே வாருங்கள்.

பணம் போகவில்லை. மெசேஜ் மட்டும் வந்தது. புகார் செய்யலாமா? (நெல்லை)

செய்யுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 மார்ச்சிலிருந்து ‘சக்ஷு’ என்ற பகுதி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டோடு பதியலாம். அழிக்கும் முன் இதைச் செய்தால், அந்த நம்பர் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் முடங்க வழியுண்டு.

பெற்றோர் மதுரையில் தனியாக இருக்கிறார்கள். நான் சிங்கப்பூரில். அவர்கள் போனில் என்ன செய்து வைக்கலாம்?

பென்ஷன் வரும் கணக்கை யூபிஐயில் இணைக்காதீர்கள். தனியாக ஒரு கணக்கில் இரண்டு மூன்றாயிரம் போட்டு, காய்கறிக்கும் மருந்துக்கும் அதை மட்டும் இணைத்துக் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் ஆப்களை ஏற்ற விடும் அனுமதியை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை என்பதை ஒரு ரூபாய் அனுப்பி, வாங்கி, அவர்கள் கண்முன்னே செய்து காட்டுங்கள்.

அப்புறம் ஒரு அட்டையில் 1930, வங்கிக் கிளை நம்பர், உங்கள் நம்பர் மூன்றையும் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கண்ணாடி தேடாமல் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.