கவசமா, வேகமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: பேட்டில்ஷிப், பேட்டில்க்ரூஸர் என்ற போர்க்கப்பல்கள் இரண்டிலும் ஒரே அளவு பீரங்கிதான் என்கிறார்கள். பிறகு எதற்கு இரண்டு பெயர்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

மேல்தளத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் சுலபமாகத் தெரியாது. கொதிகலன் அறைக்கு இறங்க வேண்டும். சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு முதலில் அங்கேதான் கண் போகும்.

பிரிட்டனின் டிரெட்நாட் (1906) பேட்டில்ஷிப். 12 அங்குல பீரங்கிகள் பத்து, பக்கவாட்டுக் கவசம் 11 அங்குலம், வேகம் 21 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). 1907இல் நீரில் இறக்கிய இன்வின்சிபிள் பேட்டில்க்ரூஸர். அதே 12 அங்குல பீரங்கிகள் எட்டு, வேகம் 25 நாட், கவசம் வெறும் 6 அங்குலம்.

நாலு நாட்தானே கூடுதல் என்று தோன்றும். அந்த நாலுக்காக டிரெட்நாட்டின் 23,000 குதிரைசக்தி இதில் 41,000 ஆயிற்று. 18 கொதிகலன்கள் 31 ஆயின. கப்பலின் எடையோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவ்வளவு கொதிகலனுக்கும் எடை எங்கிருந்து கிடைக்கும்? கவசத்தில்தான் கை வைத்தார்கள்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஜாக்கி ஃபிஷர். எதிரியின் க்ரூஸர்களை (பேட்டில்ஷிப்பைவிடச் சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) துரத்திப் பிடிக்க வேண்டும், அவற்றின் குண்டு எட்டாத தூரத்திலிருந்து அடிக்க வேண்டும், பேட்டில்ஷிப் எதிரே வந்தால் விலகி ஓடிவிட வேண்டும். இதுதான் அவர் போட்ட கணக்கு.

கேள்வி: முதல் உலகப் போரில் சென்னை மீது குண்டு போட்ட எம்டன் இந்த ரகமா? (வாசகர், ராயபுரம்)

இல்லை, எம்டன் இலகுரக க்ரூஸர். ஆனால் தொடர்பு இருக்கிறது. ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பற்படையைச் சேர்ந்தது அது. அதன் தளபதி அட்மிரல் ஃபான் ஷ்பே 1914 ஆகஸ்டில் எம்டனைத் தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பிவிட்டு, மற்ற கப்பல்களோடு பசிபிக்கைக் கடந்தார். செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைக் கொளுத்தியது. நவம்பர் 1 அன்று சிலி நாட்டுக் கரையோரம் ஷ்பே இரண்டு பிரிட்டிஷ் க்ரூஸர்களை மூழ்கடித்தார்; அவற்றிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

பதிலுக்கு ஃபிஷர் அனுப்பியது இன்வின்சிபிளையும் அதன் ஜோடி இன்ஃப்ளெக்சிபிளையும். டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவில் அவை நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தபோது ஷ்பே தானாகவே வந்து சேர்ந்தார். பெரிய கப்பல்கள் நிற்பது தெரிந்ததும் திரும்பி ஓடினார்; முடியவில்லை. மாலைக்குள் அவரது ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசெனவ் இரண்டும் கடலுக்கடியில். ஷ்பேயும் அவரது இரண்டு மகன்களும் அன்றே இறந்தார்கள். பேட்டில்க்ரூஸரை எதற்காகக் கட்டினார்களோ, அதை அது அப்படியே செய்துகாட்டிய நாள் அது.

கேள்வி: அப்படியானால் ஜட்லாண்டில் மூன்று பேட்டில்க்ரூஸர்கள் வெடித்துச் சிதறியது ஏன்? மெல்லிய கவசம்தானே காரணம்? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பாதிக் காரணம்தான். 1916 மே 31 அன்று வட கடலில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாண்டு சண்டையில் பிரிட்டனின் இன்டிஃபாட்டிகபிள், குயீன் மேரி, இன்வின்சிபிள் மூன்றும் வெடித்தன. மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்வின்சிபிளில் ஆயிரத்துச் சொச்சம் பேரில் தப்பியவர்கள் ஆறு பேர். "நம் கப்பல்களில் இன்று ஏதோ கோளாறு" என்ற பொருளில் பிரிட்டிஷ் பேட்டில்க்ரூஸர்களின் தளபதி அட்மிரல் பீட்டி சொன்னது பிரசித்தம்.

பீரங்கிக் கோபுரத்துக்கு நேர் கீழே, கப்பலின் அடிவயிற்றில் வெடிமருந்து அறை. அங்கிருந்து கார்டைட் மருந்தைப் பட்டுப் பைகளில் கட்டி லிஃப்டில் மேலே அனுப்புவார்கள். வழியில் தீ இறங்காமலிருக்கக் கதவுகள் உண்டு. ஆனால் வேகமாகச் சுட வேண்டும் என்ற வெறியில் கதவுகளைத் திறந்தே வைத்தார்கள். மருந்துப் பைகளை முன்கூட்டியே எடுத்துக் கதவுக்கு வெளியே அடுக்கினார்கள். கோபுரத்தில் ஒரு குண்டு துளைத்தால் போதும், தீ பையிலிருந்து பைக்குத் தாவி நேரே கிடங்குக்குப் போய்விடும்.

ஜெர்மானியர்களுக்கும் இதே அடி 1915 ஜனவரியில் வட கடலின் டாகர் பேங்க் சண்டையில் விழுந்திருந்தது. சைட்லிட்ஸ் கப்பலின் பின்பக்கக் கோபுரங்கள் இரண்டும் எரிந்து 150 பேருக்கு மேல் இறந்தார்கள். கிடங்கில் தண்ணீரைத் திறந்துவிட்டதால் கப்பல் தப்பியது. அதற்குப் பிறகு மருந்தை வெளியே வைப்பதைக் குறைத்தார்கள். அதே சைட்லிட்ஸ் ஜட்லாண்டில் இருபதுக்கும் மேற்பட்ட பெரிய குண்டுகளும் ஒரு டார்பிடோவும் வாங்கி, முன்பக்கம் கடலில் முங்கிய நிலையில் வீடு போய்ச் சேர்ந்தது.

பீட்டியின் சொந்தக் கப்பல் லயனும் அன்றே போயிருக்க வேண்டியது. அதன் நடுக்கோபுரத்தில் குண்டு பாய்ந்ததும் மேஜர் பிரான்சிஸ் ஹார்வி உயிர் போகும் காயத்தோடு கிடந்தபடி, கிடங்கில் தண்ணீரைத் திறக்க உத்தரவிட்டார். கொஞ்ச நேரத்தில் கோபுரத்து மருந்து பற்றிக்கொண்டது. தீ கீழே இறங்கியபோது கிடங்கில் தண்ணீர்தான் இருந்தது. இறந்தபின் அவருக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இன்னொருவரையும் சொல்ல வேண்டும்: அதே கப்பலில் பீரங்கித் துறை அதிகாரி அலெக்சாண்டர் கிராண்ட். மருந்தை வெளியே குவிக்கக் கூடாது என்று ஜட்லாண்டுக்கு முன்பே கெடுபிடி செய்து மாற்றியவர் அவர். பதக்கம் வாங்கிய வீரத்தைவிட இந்தக் கெடுபிடியை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

கேள்வி: பிரிட்டனின் ஹூட் கப்பல் மூழ்கியதும் பேட்டில்க்ரூஸர் என்பதாலா? (வாசகர், கோவை)

பெயரை வைத்து அப்படி எழுதிவிடுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஜட்லாண்டுக்குப் பிறகு வரைபடத்தைத் திருத்தி ஹூட்டுக்கு 12 அங்குலப் பக்கக் கவசம் கொடுத்தார்கள். அது அந்தக் காலத்து பேட்டில்ஷிப்பின் அளவு. 1920இல் படையில் சேர்ந்த கப்பல், 1941 மே 24 அன்று ஜெர்மனியின் புத்தம் புதிய பேட்டில்ஷிப் பிஸ்மார்க்கை எதிர்கொண்டது. அதற்குள் பீரங்கிகள் சுடும் தூரம் ஏறிவிட்டது; நெடுந்தூரத்திலிருந்து விழும் குண்டுகளைத் தாங்க அதன் தளக் கவசம் போதவில்லை. செய்திருக்க வேண்டிய பெரிய பராமரிப்பு போரால் தள்ளிப்போயிற்று. பின்பக்க வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது என்பதே விசாரணையின் முடிவு. 1,418 பேரில் மிஞ்சியவர்கள் மூவர். வயதுதான் கொன்றது என்பேன்.

இன்வின்சிபிளோடு இறந்த அட்மிரலின் பெயர் ஹோரஸ் ஹூட். 1918இல் ஹூட் கப்பலை நீரில் இறக்கி வைத்தவர் அவருடைய மனைவி.

கேள்வி: பிறகு ஏன் இந்த ரகத்தைக் கட்டவில்லை? (வாசகர், தூத்துக்குடி)

எஞ்சின் முன்னேறிவிட்டது, அவ்வளவுதான். 1943இல் வந்த அமெரிக்காவின் அயோவா பேட்டில்ஷிப்பில் எட்டே கொதிகலன்கள், எண்ணெயில் ஓடுபவை. அவற்றிலிருந்து 212,000 குதிரைசக்தி. பக்கக் கவசம் 12 அங்குலத்துக்குச் சற்று மேல், வேகம் 33 நாட். கவசத்தைக் குறைத்து வேகம் வாங்க வேண்டிய கட்டாயமே அங்கே இல்லை. அயோவா இப்போது லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. போகிறவர்கள் 16 அங்குல பீரங்கியோடு திரும்பிவிடாமல், எஞ்சின் பகுதிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.