நோட்டில் விழுந்த ஓட்டை

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 37 வயது. ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. “உங்ககிட்ட ஒரு வேலையைக் கொடுத்தா அப்புறம் நான் திரும்பியே பார்க்க வேண்டாம்” என்பார் என் மேலாளர். அவர் திரும்பிப் பார்க்காததையெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாலு வரி மெயில் எழுத அரை மணி நேரம் ஆகிறது. அனுப்பிய பிறகும் அதைத் திறந்து மறுபடி படிப்பேன். போன மாதம் ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று எழுதிவிட்டு இணைப்பை வைக்க மறந்துவிட்டேன். ஒருவர் “ஃபைல் வரலையே” என்று கேட்டார், அனுப்பினேன், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய அறிக்கை என்றால் தொடங்கவே பயம். கடைசி நாள் வரை தள்ளிப்போட்டு, தூக்கத்தைக் கெடுத்து முடிக்கிறேன். ஒரு புதிய பொறுப்பு தேடி வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னைவிடச் சுமாராக வேலை செய்கிறவர் அதை வாங்கிக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கிறார்.

வீட்டிலும் இதே கதை. கணவர் பாத்திரம் கழுவி வைத்தால் நான் மறுபடி கழுவுவேன். சண்டை போடுவதில்லை, குறை சொல்வதில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் எடுத்துக் கழுவிவிடுவேன். இப்போதெல்லாம் அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. (என் அம்மாவும் இப்படித்தான். நான் மடித்து வைத்த துணியை ஒரு வார்த்தை பேசாமல் பிரித்து மறுபடி மடிப்பார்.)

எழுத வைத்தது போன வாரம் நடந்த ஒன்று. மகள் ‘ழ’ எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். கீழே சுழித்து வளைகிற இடம் சரியாக வரவில்லை போல. அழித்தாள், எழுதினாள், மறுபடி அழித்தாள். வெகுநேரம் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் தாள் நைந்து ஓட்டை விழுந்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, “அம்மா, பார்க்காதே, நான் இன்னும் சரி பண்ணலை” என்றாள். ஏழு வயது அவளுக்கு. நான் அவளை ஒருநாளும் திட்டியதில்லை, மேடம்.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள் என்கிறார்கள். என்னால் முடியும் என்று தோன்றவில்லை. கணக்கு வேலையில் அது சரியும் இல்லை. இந்தக் கடிதத்தையே ஒன்பது முறை திருத்திவிட்டேன். நான் என்ன செய்ய?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

ஒன்பது முறை திருத்தியும் உங்கள் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. நீங்கள் சொல்ல வந்தது எனக்குப் புரிவதில் அதனால் எந்தச் சிக்கலும் இல்லை. இங்கே வெளியிடும்போது அதை எடுத்துவிட்டோம், அதனால் இதில் தேடிப் பயனில்லை. உங்களிடம் இருக்கும் பிரதியில் தேடுவீர்கள் என்று தெரியும். இன்று ஒருநாள் மட்டும் தேடாமல் இருந்து பாருங்கள். நெஞ்சு படபடக்கும். எவ்வளவு நேரம் படபடக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லப் போவதில்லை. ஒரு பூஜ்யம் கூடினால் என்ன ஆகும் என்று கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ஆனால், தவறே நடக்கக் கூடாத இடங்களில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 1935-இல் அமெரிக்காவில் ஒரு புதிய ராணுவ விமானம் சோதனை ஓட்டத்தில், கிளம்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து எரிந்தது. ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. விமானம் தரையில் நிற்கும்போது அதன் அசையும் பாகங்கள் காற்றில் ஆடாமல் இருக்க ஒரு பூட்டு போடுவார்கள். அதை விடுவிக்காமலே கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு, மறதியே இல்லாத விமானி வேண்டும் என்று யாரும் தேடிப் போகவில்லை. கிளம்பும் முன் சரிபார்க்க ஒரு பட்டியல் போட்டார்கள். எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும் இன்றும் அந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். மனிதன் மறப்பான் என்று ஒப்புக்கொண்ட இடத்தில்தான் பாதுகாப்பு வந்தது.

உங்களுக்கும் ஐந்து வரிப் பட்டியல் போதும். தொகை, தேதி, பெயர், இணைப்பு, யாருக்குப் போகிறது. ஒருமுறை டிக் போட்டுவிட்டு அனுப்புங்கள். ஒன்பதாவது முறை படிக்கும்போது கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, மனதில் இருப்பதைத்தான் படிக்கிறது. நான் பார்த்த பிழையை நீங்கள் பார்க்காதது அதனால்தான்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் பால் ஹியூவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் 1991-இல் குறையின்மை நாட்டத்தை, அதாவது எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தை, மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். தன்னிடமே எதிர்பார்ப்பது, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது, அடுத்தவர்கள் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நம்புவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. ராத்திரி பன்னிரண்டு மணி முதலாவது, கணவரின் பாத்திரம் இரண்டாவது, திரும்பிப் பார்க்காத மேலாளர் மூன்றாவது. கூடுதலாக வாட்டுவது மூன்றாவதுதான் என்பது என் அனுபவம். அதற்கு எல்லை கிடையாது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அடுத்த முறை இதைவிட நன்றாகச் செய்யவேண்டும் என்று ஆகிவிடும். புதிய பொறுப்பை நீங்கள் தட்டிக்கழித்தது திறமை இல்லாததாலா? எனக்கு அப்படித் தெரியவில்லை. அங்கே முதல் ஆறு மாதம் எல்லோரும் பார்க்கத் தப்பு செய்ய வேண்டியிருக்கும், அதற்குத்தான் பயந்திருக்கிறீர்கள்.

எல்லோரும் பார்க்கிறார்களா என்பதையே அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான ஆய்வு அது. கூச்சப்பட வைக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு மாணவர்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அங்கே இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று டி-ஷர்ட் போட்ட மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர். இணைப்பை மறந்த அந்த மெயில் உங்கள் நெஞ்சில் இரண்டு நாள் கிடந்தது. “ஃபைல் வரலையே” என்று கேட்டவர் அன்று மதியமே அதை மறந்திருப்பார்.

சரி, இதெல்லாம் அலுவலக விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட இரண்டு வரி.

உங்கள் அம்மா துணியைப் பிரித்து மறுபடி மடித்தார், ஒரு வார்த்தை பேசாமல். நீங்கள் பாத்திரத்தை மறுபடி கழுவுகிறீர்கள், ஒரு வார்த்தை பேசாமல். மகளை ஒருநாளும் திட்டியதில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் திட்டியிருந்தால் அவளால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க முடியும், அழுதிருக்க முடியும், கோபப்பட்டிருக்க முடியும். பேசாமல் திருத்துகிற கையிடம் என்ன சொல்வது? ‘நீ செய்தது போதவில்லை’ என்று அந்தக் கை சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. கணவர் ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்க முடியாத ஏழு வயதுக் குழந்தை ஓட்டையைக் கையால் மூடிக்கொள்கிறது. அவளுடைய நோட்டில் கோணலாக வந்த எழுத்தை எப்போதாவது நீங்களே அழித்து எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, நானாகத்தான் கேட்கிறேன். இருந்தால், குற்ற உணர்வில் மூழ்க வேண்டாம். அதையும் குறையில்லாமல் செய்ய உட்கார்ந்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம்.

‘நல்ல அம்மாவாகவும் இல்லையே’ என்று அடுத்த கவலை கிளம்பியிருக்கும். அதற்கு டொனால்ட் வின்னிகாட் சொன்னதைச் சொல்கிறேன். பிரிட்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்தவர், ஏராளமான அம்மாக்களையும் குழந்தைகளையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1953-இல் வெளிவந்த கட்டுரையில் ‘போதுமான அளவுக்கு நல்ல அம்மா’ என்று ஒரு சொல்லைப் போட்டார். கைக்குழந்தைக்கு அம்மா ஏறக்குறைய முழுசாகத் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். குழந்தை வளர வளர, அது தாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறுகிறாள். அந்தச் சின்னச் சின்னத் தவறுகள் வழியாகத்தான் குழந்தை உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. ஆக, உங்கள் மகளுக்கு உங்கள் தவறுகளும் வேண்டும். அவற்றை அவள் பார்க்கவும் வேண்டும். இப்போது அவற்றை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, அவள் தூங்கிய பிறகு, திருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

‘குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை’ என்று அடுத்தவர் விஷயத்தில் தாராளமாகச் சொல்கிறோம். அந்தச் சுற்றத்தில் நம்மையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ள ஏனோ மனம் வருவதில்லை. எனக்கும்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில் அவர் மகனை மகள் என்று எழுதிவிட்டேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆபத்தில்லாத ஒரு மெயிலை ஒரேயொரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பும் முன் ‘என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்’ என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்து, உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். படபடப்பு எத்தனை நிமிடம் இருந்தது என்பதையும் குறியுங்கள். பத்து வரி சேர்ந்த பிறகு அந்தத் தாளைக் கணக்குப் பார்க்கிற கண்ணோடு பாருங்கள். என் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை.

கணவரிடம் மன்னிப்பு, விளக்கம் என்று பெரிதாகப் போக வேண்டாம். “இன்னிக்கு நீங்க கழுவுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ஒரு டம்ளரின் அடியில் கறை இருக்கும். இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். சரிபார்ப்பது தினமும் மணிக்கணக்கில் போனாலோ, தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, வாழ்வதே சுமை என்று தோன்றினாலோ, இப்படிக் கடிதத்தில் முடிக்காதீர்கள். மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் பாருங்கள். இதற்கென்றே பயனுள்ள சிகிச்சை முறைகள் உண்டு.

இன்று சாயங்காலம் மகள் பக்கத்தில் ஒரு தாளோடு உட்காருங்கள். ரப்பர் வேறு அறையில் இருக்கட்டும். அவள் தன் கையால் எழுதட்டும். நீங்கள் உங்களுக்குப் பழக்கமில்லாத கையால் எழுதுங்கள். ஆளுக்குப் பத்து ‘ழ’. உங்களுடையது நண்டு ஊர்ந்த மாதிரி வரும். அவள் சிரித்தால் விட்டுவிடுங்கள், சொல்லிக்கொடுக்க வந்தால் கற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். ஒரே ஒரு முறை படித்துவிட்டு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஆலோசகர்