அம்பாசிடர் பம்பரில் துரு: ஆசிட் வேண்டாம், அலுமினிய ஃபாயில் போதும்

ஏற்காட்டு வீட்டுல மழைக்காலம் முழுக்க நின்ன அப்பாவோட அம்பாசிடர்ல, முன் பம்பர் பூரா செம்புள்ளியா துரு பிடிச்சிருக்கு, பாத்ரூம் ஆசிட் போட்டுத் தேய்க்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு போடாதீங்க சார். அதுல இருக்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோட சேர்த்துக் குரோமையும் தின்னுடும்.

பளபளன்னு தெரியிற குரோம் படலம் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) குறைவுதான். அதுக்குக் கீழ நிக்கல், அதுக்கும் கீழதான் இரும்பு. நுண்ணிய துளை வழியா பனி ஈரம் இறங்கி, துரு வெளிய கசியுது. அதனால நீங்க பார்க்கிறதுல பாதி வெறும் கறையாவே இருக்கலாம்.

முதல்ல ஷாம்பு தண்ணியில மண் போகக் கழுவுங்க. பிறகு அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணியில நனைச்சு, அழுத்தாம சின்னச் சின்ன வட்டமா தேயுங்க. அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. சாம்பல் நிறத்துல குழம்பா வரும். துடைச்சுப் பார்த்துட்டுத் தொடருங்க. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் ஸ்கிரப்பர் கூடவே கூடாது. நகத்தால தடவும்போது குழி தட்டுப்பட்டா அங்க முலாம் போயாச்சு, எந்த பாலிஷும் அதைத் திருப்பித் தராது. மறுபடி பிளேட்டிங்தான் வழி.

ஈரம் துளியும் இல்லாம துடைச்சு வாக்ஸ் போடுங்க. பம்பரோட உள்பக்கத்தையும் சுரண்டி, பிரைமர், பெயிண்ட் அடிச்சிடுங்க. துரு அங்கிருந்தும் பரவும். முக்கியமா, மலையில பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ளேயே தங்கிடும். காத்துப் போற துணி உறை போடுங்க.