மண்டபத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் முகம் வெளுத்து, பின்னால் ஒரே இருட்டாக வருகிறது. கேமராவில் எந்த ஃபிளாஷ் மோட் வைப்பது?

ஸ்லோ சிங்க் (ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து ஃபிளாஷ் அடிக்கும் மோட்) வையுங்கள், கூடவே ஃபிளாஷ் காம்பன்சேஷனை, அதாவது ஃபிளாஷ் வெளிச்சத்தின் அளவை, மைனஸ் 1க்கு இறக்குங்கள். முக்கால்வாசிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

காரணம் இதுதான். ஃபிளாஷ் ஏறத்தாழ 1/1000 நொடிக்குள் மின்னி முடிந்துவிடுகிறது. அதனால் ஃபிளாஷால் முகத்தில் விழும் வெளிச்சத்தை ஷட்டர் வேகம் மாற்றாது. பின்னால் எரியும் சீரியல் லைட்டும் மேடை அலங்காரமும் பதிவதற்குத்தான் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் வேண்டும். ஆட்டோவிலும் பி (புரோகிராம்) மோடிலும் ஃபிளாஷ் எரியும்போது பெரும்பாலான கேமராக்களின் ஷட்டர் வேகம் 1/60 நொடிக்குக் கீழே இறங்காது. மண்டப வெளிச்சத்துக்கு அது போதாது. ஸ்லோ சிங்க்கில் 1/15, அதற்கும் கீழே என்று போகும், பின்னணி தெரியும். ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) 800க்கு ஏற்றினால் கை நடுக்கத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். எதிரில் நிற்பவர் மட்டும் அசையக் கூடாது. அசைந்தால் முகத்தைச் சுற்றி நிழல்போல ஒரு இழுவை விழும்.

நிக்கானில் ஃபிளாஷ் பட்டனை அழுத்திக்கொண்டே டயலைச் சுற்றினால் 'ஸ்லோ' வரும். கேனானில், லென்ஸ் துளையின் அளவை (எஃப் எண்) மட்டும் நாம் வைக்கும் ஏவி மோடுக்குப் போனாலே வழக்கமாக அப்படித்தான் வேலை செய்யும். மெனுவில் சிங்க் வேகத்தை (ஃபிளாஷோடு சேரும் ஷட்டர் வேகம்) 1/200 என்று பூட்டி வைக்காமல் ஆட்டோவில் விட்டிருக்க வேண்டும்.

அடுத்து, தூரம். கேமராவிலேயே இருக்கும் பாப்-அப் ஃபிளாஷின் கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) பொதுவாக 12 பக்கம் இருக்கும். அதை எஃப் எண்ணால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100இல் ஃபிளாஷ் எட்டும் மீட்டர் கிடைக்கும். கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்து எஃப் 5.6 வந்தால் சுமார் 2 மீட்டர்தான். ஐஎஸ்ஓ 400இல் 4 மீட்டர். கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுக்க அது உதவாது, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தலைதான் பளீரென்று வரும். அங்கே ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

உச்சி வெயிலிலும், ஆள் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்கும்போதும் ஃபில் ஃபிளாஷ் (வெளிச்சம் இருந்தாலும் நிழலை நிரப்ப எரியும் மோட்) வைக்க வேண்டும். ஆட்டோவை நம்பாதீர்கள், வெளிச்சம் போதும் என்று கணக்குப் போட்டு எரியாமலே விடும், கண்குழியில் நிழல் அப்படியே நிற்கும். இங்கேயும் கிட்டப் போக வேண்டும். சிங்க் வேகத்தின் உச்ச வரம்பு 1/200 என்று இருக்கும் கேமராவில் ஐஎஸ்ஓ 100இல் முழு வெயிலுக்கு எஃப் 11 வைக்க நேரும். அப்போது ஃபிளாஷின் முழு வெளிச்சம் ஒரு மீட்டரைத்தான் எட்டும். நிழலை லேசாக நிரப்பினால் போதும் என்றால் ஒன்றரை மீட்டர்வரை தள்ளி நிற்கலாம்.

படத்தில் கண் சிவப்பாக விழுவதைக் குறைக்கும் ரெட்-ஐ மோடை நான் சிபாரிசு செய்வதில்லை. கண்ணின் பாப்பாவைச் சுருக்க விளக்கு முன்கூட்டியே எரிய, ஷட்டர் சுமார் ஒரு நொடி தாமதிக்கும். படம் எடுத்தாயிற்று என்று நினைத்துக் குழந்தை அதற்குள் திரும்பிவிடும். அறை விளக்குகளைப் போட்டாலே சிவப்பு பெருமளவு குறையும்.

ரியர் கர்ட்டன் மோட், ஓடும் வண்டிபோல நகரும் பொருளுக்கு. ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் எரிவதால் ஒளிக்கோடு வண்டிக்குப் பின்னால் விழும். சாதாரண ஸ்லோ சிங்க்கில் முன்னால் விழுந்து, வண்டி ரிவர்ஸில் போவதுபோலத் தெரியும்.

எந்த மோட் ஆனாலும் பாப்-அப் ஃபிளாஷைத் தூக்குமுன் லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கும் ஹூடைக் கழற்றுங்கள். படத்தின் அடியில் அரைவட்டமாகக் கருப்பு நிழல் விழுவது பெரும்பாலும் அதனால்தான்.