படப்பெட்டி ஐந்து ஊருக்குப் போன வருஷம்

கேள்வி: கோவாவில் வருஷா வருஷம் மத்திய அரசு சர்வதேசத் திரைப்பட விழா நடத்துகிறது. கும்பகோணத்தில் இருக்கும் எனக்கு அதனால் என்ன பிரயோசனம்? யாரோ நாலு பேர் உட்கார்ந்து வெளிநாட்டுப் படம் பார்க்க என் வரிப்பணம் எதற்கு? அந்தக் காசில் நாலு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாமே?

– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்வியில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கும்பகோணத்துக்காரருக்கு இன்று அந்த விழாவால் பிரயோசனம் இல்லை என்பது உண்மைதான். அதற்காக விழாவே வேண்டாம் என்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன். வரி கட்டுகிறவர் நீங்கள். விழாவை என் ஊருக்கும் அனுப்பு என்று கேளுங்கள். இழுத்து மூடு என்று கேட்காதீர்கள்.

இந்த விழா எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1952 ஜனவரி 24, பம்பாய், நியூ எம்பயர் தியேட்டர். ஆசியாவிலேயே முதல் சர்வதேசத் திரைப்பட விழா அதுதான். அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் நடத்தியது. 23 நாடுகள் கலந்துகொண்டன. முழுநீளப் படங்கள் 40, குறும்படங்கள் 100 என்று கணக்கு. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. வந்து படம் பாருங்கள், அவ்வளவுதான்.

அப்போது நாடு இருந்த நிலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலே அந்த ஜனவரியில் இன்னும் முடியவில்லை. பிப்ரவரி வரை வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. சென்னை மாநிலத்தில் அரிசிக்கு ரேஷன். முதல்வராக வந்த ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதே அந்த ஜூன் மாதத்தில்தான். கூரை இல்லாத பள்ளிக்கூடங்களும் பள்ளிக்கூடமே இல்லாத ஊர்களும் இன்றைவிட அன்று எத்தனையோ மடங்கு அதிகம். அப்படி இருந்தும், இந்த ஜனங்கள் உலகத்துப் படங்களைப் பார்க்க வேண்டும் என்று அன்றைய அரசு நினைத்தது. கூரைக்கும் படத்துக்கும் நடுவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. கூரை இல்லாத பள்ளியைப் பற்றி எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். ஆனால் அதற்கான பணத்தை இதிலிருந்து பிடுங்கச் சொல்லாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அந்த 1952 விழா பம்பாயோடு நிற்கவில்லை. சென்னை, டெல்லி, கல்கத்தா, திருவனந்தபுரம் என்று இன்னும் நாலு நகரங்களுக்குப் போனது. எல்லாம் ஃபிலிம் சுருள் காலம். ஒன்றரை மணி நேரப் படம் என்றாலே எட்டு ஒன்பது ரீல் வரும். தகரப் பெட்டியில் அடுக்கி, பூட்டி, ஆள் வைத்து அனுப்ப வேண்டும். 'படப்பெட்டி வந்தாச்சா?' என்று தியேட்டர் வாசலில் நின்று கேட்ட தலைமுறை இதைப் படித்தால் அந்த எடையைத் தோளிலேயே உணரும். அத்தனை சுமையையும் ஐந்து ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் இருந்தது 'பைசைக்கிள் தீவ்ஸ்', விட்டோரியோ டி சிகாவின் இத்தாலியப் படம். நான் அதைப் பார்த்தது பல வருஷம் கழித்து, எங்கள் ஊர் ஃபிலிம் சொசைட்டியில். புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த 16 எம்எம் பிரதி. பள்ளிக்கூட ஹால், தரையில் ஜமக்காளம், பின்னால் ப்ரொஜெக்டர் கடகடவென்று ஓடும் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். கதவைப் பூட்ட வந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். சப்டைட்டில் படிக்க அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

படத்தில் ஒருவனுக்கு வேலை கிடைக்கிறது. வேலைக்குப் போக சைக்கிள் வேண்டும். சைக்கிள் அடகில் இருக்கிறது. அவன் மனைவி கட்டிலில் விரித்திருந்த விரிப்புகளை உருவுகிறாள், துவைக்கிறாள், அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறாள். கடை ஆள் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரிமேல் ஏறுகிறான். ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரை வரைக்கும் மூட்டைகள். அத்தனையும் எவரெவரோ படுத்த விரிப்புகள். அதை விளக்க ஒரு வசனம் கிடையாது. வாட்ச்மேன் மெல்லிய குரலில், 'அடப்பாவமே, இவ்வளவு பேரா?' என்றார். குடத்தையும் அண்டாவையும் அடகுக்குத் தூக்கிக்கொண்டு போன ஊர்க்காரருக்கு அந்தக் காட்சியை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டுப் படம் நாலு பேருக்குத்தான் புரியும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வாட்ச்மேன் முகம்தான் ஞாபகம் வரும். அந்தப் படத்தில் கதாநாயகனாக நடித்தவரே சினிமாக்காரர் இல்லை, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி.

சரி, 'நாலு பேர்' என்றீர்களே, 1952-ல் பார்த்தவர்களில் ஒருவரைச் சொல்கிறேன். ஹிந்திப் பட இயக்குநர் பிமல் ராய். அவரும், அவரிடம் எடிட்டராக இருந்த ஹிரிஷிகேஷ் முகர்ஜியும் அந்த விழாவில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்தார்கள். அடுத்த வருஷமே பிமல் ராயிடமிருந்து 'தோ பிகா ஜமீன்' வந்தது. கடனில் போகும் இரண்டு பிகா நிலத்தை மீட்க, கல்கத்தா தெருவில் கைரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதை. 1954-ல் கான் விழாவில் பரிசு வாங்கியது. அந்த விவசாயியைத் தமிழ்நாட்டில் எவ்வளவு பேர் பார்த்து அழுதிருப்பார்கள்! வரிப்பணம் எங்கே போனது என்று கேட்டால், ஒரு பங்கு அங்கே போனது என்பேன்.

நம் பக்கத்துக்கும் அந்த விழாவில் இடம் இருந்தது. இந்தியா சார்பில் காட்டப்பட்ட படங்களில் ராஜ் கபூரின் 'ஆவாரா'வோடு, நம் வடபழனி வாஹினி ஸ்டுடியோவில் உருவான 'பாதாள பைரவி'யும் ஒன்று. என்.டி.ராமராவும் எஸ்.வி.ரங்காராவும் நடித்த மாயாஜாலக் கதை. டி சிகாவின் அடகுக் கடையும் பாதாள பைரவியின் மந்திரவாதியும் ஒரே விழாவில்! எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம். இதுதான் உயர்ந்தது, இது மட்டம் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் விரித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீணை வித்வானாக நாம் அறிந்த எஸ்.பாலசந்தர், திரைப்பட விழா ஒன்றில் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமான்' பார்த்தார். அது அவரை விடவில்லை. பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் எடுக்கிறேன் என்று நின்றார். ஏவி.எம். தயாரிப்பில், சிவாஜி நடித்து, 1954-ல் 'அந்த நாள்' வந்தது. அன்று வசூல் சரியில்லை. இன்றைக்கும் அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? அடுத்த விழா ஒன்பது வருஷம் கழித்து, 1961-ல், டெல்லியில். பிற்பாடு கொஞ்ச காலம் ஊர் மாறி ஊர் போனது. சென்னையிலேயே 1978-லும் 1991-லும் நடந்தது. 2004-லிருந்து கோவாவே நிரந்தரம் என்றாகிவிட்டது. பதிவு செய்து, அடையாள அட்டை வாங்கி, ரயில் மாறிப் போய், அறை எடுத்துத் தங்க முடிந்தவருக்குத்தான் விழா. என் கோபம் இதில்தான். தகரப் பெட்டியைச் சுமக்க வேண்டியிருந்த காலத்தில் ஐந்து ஊருக்குப் போன விழா, ஒரு முழுப்படம் உள்ளங்கை அளவு ஹார்டு டிஸ்க்கில் அடங்கும் காலத்தில் ஒரே ஊரில் உட்கார்ந்திருக்கிறது. திரையிடும் உரிமைக்குப் பணம் கட்ட வேண்டும், சப்டைட்டில் தமிழில் போட வேண்டும், செலவுதான். ஆனால் திருவனந்தபுரம் வரை படம் அனுப்பிய அரசுக்கு இது பெரிய வேலை இல்லை. விழாவில் காட்டிய படங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து, டிசம்பரிலும் ஜனவரியிலும் மாவட்டத்துக்கு ஒரு தியேட்டரில் காலைக் காட்சி போடட்டும். பொங்கலுக்கு முன்னால் எப்படியும் காலைக் காட்சிகள் காலியாகத்தான் ஓடுகின்றன.

இதைக் கேட்கச் சரியான ஆள் நீங்கள்தான். எனக்கு எழுதிய அதே வேகத்தோடு டெல்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு எழுதுங்கள். '1952-ல் சென்னைக்கு வந்தது, இந்த வருஷம் கும்பகோணத்துக்கு ஏன் வரக் கூடாது?' என்று கேளுங்கள். நகல் ஒன்று எனக்கு அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் கடிதத்தை இந்தப் பக்கத்தில் முழுசாகப் போடுகிறேன்.